அந்த மலையடி வீட்டை வாங்குமுன்: வேல்ஸில் வாழும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளே,

கார்டிஃபிலும் சுவான்சியிலும் நியூபோர்ட்டிலும் ரெக்ஸமிலும் மருத்துவமனைகளில், கணினி நிறுவனங்களில், பல்கலைக்கழகங்களில், கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நெடுநாளாக மனதை அரிக்கும் ஒன்றை இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. பொங்கல் விழாப் பந்தியில் உட்கார்ந்தாலும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கூடினாலும், நம் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது: பெம்புரோக் பக்கம் கடலோரம் ஒரு கல்வீடு பார்த்திருக்கிறேன், லண்டன் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் வங்கித் தவணை தானே கட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுவில் படமும் வருகிறது. வெள்ளையடித்த சுவர், ஸ்லேட் கூரை, பின்னால் மலை. வாழ்த்துகள் குவிகின்றன. அந்த வீட்டில் இதுவரை யார் குடியிருந்தார்கள், ஏன் போனார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்பதில்லை.

அதைக் கேட்கவேண்டும் என்று உங்களிடம் மன்றாடுகிறேன். ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் "இங்கிலாந்தில் இருக்கிறேன்" என்றே நாம் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இது இங்கிலாந்து இல்லை. நாம் காலூன்றியிருக்கும் இந்த மண்ணில் உழுதவனுக்கும் உடையவனுக்கும் நடந்த சண்டை இருநூறு ஆண்டுக்கு மேலாக ஓயவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஓர் அடி நிலத்துக்குப் பத்திரம் முடிப்பது தவறு என்பது என் எண்ணம்.

சுண்ணாம்பிலிருந்து தொடங்குகிறேன். மேற்கு வேல்ஸின் மலைச்சரிவுகளில் மழை ஓயாது. மண் புளித்த மண். சுண்ணாம்பு கலக்காவிட்டால் நல்ல புல்கூட எழும்பாது. அதனால் கார்மார்தென், பெம்புரோக், கார்டிகன் மாவட்டங்களின் சிறு விவசாயி கோடையில் நடுச்சாமத்திலேயே வண்டி பூட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளம்புவான். போகும் வழியெல்லாம் சுங்கச்சாவடி. சாலையைச் செப்பனிடவென்று ஏற்பட்ட டர்ன்பைக் டிரஸ்டுகள் வசூல் உரிமையை ஏலத்துக்கு விட்டன. ஏலம் எடுத்தவர்களில் தாமஸ் புல்லின் என்ற ஆங்கிலேயர் பெரிய கை. பெரிய சாலையைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் போகும் வண்டிகளையும் மடக்குவதற்காகக் கிளைப்பாதைகளிலும் கதவு போட்டார்கள். சுண்ணாம்பு விலையைவிடச் சுங்கம் கூடிப்போன வழிகளும் இருந்தன.

விவசாயி அதைமட்டும் கட்டினால் போதுமா? அவன் உழுத நிலம் அவனுடையதல்ல. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகை. உரம் போட்டு மண்ணைத் தேற்றினால் அடுத்த ஆண்டு குத்தகையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அவன் காலெடுத்து வைக்காத ஆங்கிலிகன் திருச்சபைக்குத் தசமபாகம் கட்டவேண்டும். தானியமாகவும் வைக்கோலாகவும் கொடுத்துவந்ததை 1836ஆம் ஆண்டுச் சட்டம் ரொக்கமாக மாற்றியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் வந்த புதிய ஏழைச் சட்டம், நொடித்துப்போனவர்களை ஒர்க்ஹவுஸ் என்ற ஏழைக் காப்பகத்தில் அடைத்து, கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமுமாகப் பிரித்தது. இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது? நிலக்கிழார்தான் நீதிபதி, பல இடங்களில் சுங்க டிரஸ்டின் அறங்காவலரும் அவரே. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். முறையிடப் போனவனுக்குத் தெரிந்ததோ கம்ரேக் என்னும் வேல்ஸ் மொழி மட்டும்.

1839 மே 13 இரவு, எஃபைல்வென் என்ற சிற்றூரில் புதிதாகப் போட்ட சுங்கக் கதவை ஊரார் உடைத்து நொறுக்கினார்கள். திரும்பக் கட்டினார்கள், ஜூன் 6 அன்று திரும்ப உடைத்தார்கள். ஆண்கள் பெண்களின் உடை உடுத்தி, முகத்தில் கரி பூசி வந்தார்கள். தலைவருக்கு 'ரெபெக்கா' என்று பெயர். விவிலியத்தின் ரெபெக்காளை நீங்கள் அறிவீர்கள். பகைவரின் வாசல்கள் அவள் வம்சத்துக்கு வசமாகும் என்று ஆதியாகமத்தில் ஓர் ஆசி உண்டு. ஆங்கிலிகன் திருச்சபைக்கு வெளியே தங்கள் சேப்பல்களில் வேதம் கேட்டு வளர்ந்த மக்கள் அங்கிருந்தே தங்கள் தலைவியைத் தேர்ந்துகொண்டார்கள். முதல் ரெபெக்கா என்று நினைவுகூரப்படுபவர் தாமஸ் ரீஸ், ஊர் வழக்கில் டூம் கார்நாபுத்; ப்ரெசெலி மலையடியில் மனாக்லோக்-தி என்ற ஊரின் சிறு விவசாயி, குத்துச்சண்டைக்காரர். அந்த ஆகிருதிக்குப் பொருந்தும் பெண்ணுடை கிடைப்பதே பெரும்பாடாகப் போயிற்று என்று கதை சொல்வார்கள்.

கதவை உடைக்குமுன் அங்கே ஒரு கூத்து நடக்கும். கண் மங்கிய கிழவியாக நடித்துக்கொண்டு ரெபெக்கா வருவார். கோல் கதவில் முட்டும். வழியில் ஏதோ தடுக்கிறதே என்று தம் மகள்களிடம் கேட்பார். உங்கள் வழியை எதுவும் அடைக்கக் கூடாது தாயே என்று மகள்கள் முன்னே வருவார்கள். பூட்டியிருக்கிறதே, என்ன செய்யலாம் என்று மறுபடி கேள்வி. அதன் பிறகுதான் கோடரி பேசும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. கூட்டமாக வந்து வெறியில் உடைத்துவிட்டு ஓடியவர்கள் அல்ல அவர்கள். ஊரே கூடி, முறையீடு சொல்லி, தீர்ப்பும் வழங்கி, அதை அங்கேயே நிறைவேற்றினார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்கும் நீதிமன்றம் அன்று நாட்டில் வேறு எங்கும் இல்லை.

மூன்று ஆண்டு அடங்கியிருந்த தீ 1842 பனிக்காலத்தில் மறுபடி பற்றி, தென்மேற்கு மாவட்டங்கள் முழுவதும் பரவியது. 1843 ஜூன் 19 அன்று பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் கார்மார்தென் நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள், ஒர்க்ஹவுஸுக்குள் புகுந்தார்கள். குதிரைப்படை வந்து அவர்களைக் கலைத்தது. அந்தக் கோடையில்தான் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் தாமஸ் கேம்பல் ஃபாஸ்டர் என்ற செய்தியாளரை அனுப்பியது. அவர் விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்று, குத்தகை, தசமபாகம், சுங்கம் என்று அவர்கள் பட்ட பாட்டை வரிசையாக எழுதியபின்தான் தலைநகரின் செவி திறந்தது. விசாரணை ஆணையம் வந்தது. 1844இல் புதிய சட்டம் வந்து, டிரஸ்டுகளை ஒருங்கிணைத்து, சுண்ணாம்புச் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தது. கதவுகளை உடைத்திராவிட்டால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் இந்தக் கதையைப் பாதியோடு நிறுத்தி உங்களை ஏமாற்ற மாட்டேன். 1843 செப்டம்பரில் ஹெண்டி என்ற இடத்தில் சுங்கக் கதவைக் காத்த சாரா வில்லியம்ஸ் என்ற மூதாட்டி கொல்லப்பட்டார். அவரும் பிழைப்புக்காக அந்தச் சாவடியில் உட்கார்ந்த ஓர் ஏழைதான். மரண விசாரணையில் நடுவர் குழு, சாவுக்குக் காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அச்சமோ, ஊர்ப்பற்றோ, எதுவானாலும் அது அநீதி. சுங்கத்தை எதிர்த்த விவசாயிகளில் பலர் தங்கள் பண்ணைக் கூலிகளுக்கு வயிறாரப் போட்டவர்களும் அல்லர். அதே 1843இல் கூலிகள் தனியே கூட்டம் போட்டு விவசாயிகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். ரெபெக்கா கிளர்ச்சியில் பிடிபட்ட ஜான் ஹியூஸ் இருபது ஆண்டுத் தண்டனையோடு ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் ஓர் இளம் விவசாயி. போராட்டத்தின் விலையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே.

ரெபெக்காவுக்கு முன்பும் நிலத்துக்கான சண்டை நடந்தது. பொது மேய்ச்சல் புறம்போக்கை வேலி போட்டு அடைக்கச் சட்டங்கள் வந்தபோது ஆட்டு மந்தையும் அடுப்புக்கு வெட்டும் கரிமண்ணும் ஏழையின் கையைவிட்டுப் போயின. கார்டிகன் மாவட்டத்தின் மனித் பாக் மலையில் 1820களில் அகஸ்டஸ் பிராக்கன்பரி என்ற ஆங்கிலேயர் 850 ஏக்கர் வாங்கி வீடு கட்டினார். ஊரார் அதை இடித்தார்கள், அவர் கட்டினார், மறுபடி இடித்தார்கள். 'குட்டி ஆங்கிலேயனின் போர்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நிலமற்றவர்களுக்கு அந்த நாளில் இருந்த ஒரே நம்பிக்கை 'டீ இன்னோஸ்' என்ற ஓரிரவு வீடு. அந்தி சாய்ந்தபின் புறம்போக்கில் புல்தரைக் கட்டிகளை அடுக்கத் தொடங்கி, விடியுமுன் கூரை வேய்ந்து, புகைபோக்கியில் புகை எழும்பிவிட்டால் அந்த இடம் கட்டியவனுக்குச் சொந்தம் என்பது மக்களின் நம்பிக்கை. வாசலில் நின்று கோடரியை வீசி, அது விழும் தூரம்வரை தோட்டத்துக்கு எல்லை குறித்துக்கொள்வார்களாம். அரசின் சட்டம் இதை ஏற்றதில்லை. இருந்தும் உற்றார் உறவினர் சேர்ந்து இரவோடிரவாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். டூம் கார்நாபுத்தின் வீடே அப்படி எழுந்ததுதான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

இன்று நம் வாட்ஸ்அப்பில் வரும் கல்வீடுகளின் கதையை எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வாக்குரிமைக்கும் நிலமே விலையாயிற்று. 1868 தேர்தலில் நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக லிபரல் கட்சிக்கு வாக்களித்த குத்தகை விவசாயிகள் கார்டிகன், கார்மார்தென் பகுதிகளில் பண்ணையைவிட்டே விரட்டப்பட்டார்கள். அன்று வாக்கு பகிரங்கமானது. யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். 1872இல் ரகசிய வாக்கெடுப்பு வந்ததற்கு இந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றதும் ஒரு காரணம். 1880களின் கடைசியில் தசமபாகத்தை எதிர்த்து வடக்கே பெரும் கிளர்ச்சி எழுந்தது. கட்ட மறுத்தவனின் மாட்டை ஜப்தி செய்து ஏலம் போட வந்தால், கொம்பூதி ஊரைத் திரட்டி ஏலக்காரரை விரட்டினார்கள். லாங்கூமிலும் மோக்ட்ரேயிலும் கைகலப்பே நடந்தது. டென்பியில் பத்திரிகை நடத்திய தாமஸ் கீ அவர்களுக்கு வாயாக இருந்தார். 1891இல் தசமபாகம் கட்டும் பொறுப்பைச் சட்டம் நிலக்கிழார் தலையில் வைத்தது. 1920இல் ஆங்கிலிகன் திருச்சபை வேல்ஸின் அரசுத் திருச்சபை என்ற தகுதியை இழந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலக்கிழாரின் இடத்துக்கு ராணுவமும் மாநகராட்சிகளும் வந்தன. 1940இல் எப்பின்ட் மலையில் 54 பண்ணைகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் போர்ப் பயிற்சிக்காக வெளியேற்றினார்கள். ஆடுகள் குட்டி போடும் பருவம் அது. போர் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. அந்த மலை இன்றும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது.

ட்ரவெரின் பற்றி நீங்கள் ஒருவேளை கேள்விப்பட்டிருக்கலாம். பாலாவுக்குப் போகும் வழியில் அங்கே இருக்கும் ஏரியின் கரையில் காரை நிறுத்திப் படம் எடுத்தவர்கள் நம்மில் பலர். அடியில் காப்பெல் கெலின் என்ற ஊர் கிடக்கிறது. லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்த மாநகராட்சி நேரே நாடாளுமன்றம் போய்ச் சட்டம் வாங்கிவிட்டது; வேல்ஸின் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்கவேண்டிய தேவையே அதனால் இல்லாமல் போயிற்று. 1957இல் அந்த மசோதா நிறைவேறியபோது வேல்ஸின் உறுப்பினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஊரார் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போயும் பயனில்லை. வீடுகள், பள்ளி, அஞ்சலகம், சேப்பல், கல்லறைத் தோட்டம், பரம்பரையாக உழுத வயல் எல்லாவற்றின் மீதும் 1965இல் தண்ணீர் ஏறியது. நாற்பது ஆண்டு கழித்து, 2005இல், லிவர்பூல் மாநகரமன்றம் மன்னிப்புக் கேட்டது.

தோற்றவர்களின் கதையாக மட்டும் இதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்பெல் கெலின் மூழ்கிய அதே 1965இல் கார்மார்தென் மாவட்டத்தின் லான்கிண்டெய்ர்ன் ஜெயித்தது. க்வென்ட்ரைத் வாக் ஆற்றின் பள்ளத்தாக்கை மூழ்கடித்துச் சுவான்சிக்கு நீர்த்தேக்கம் கட்டத் திட்டம். ஊர் பாதுகாப்புக் குழு அமைத்தது, போதகர் டபிள்யூ. எம். ரீஸும் உள்ளாட்சி உறுப்பினர் வில்லியம் தாமஸும் அதை வழிநடத்தினார்கள். 1963 அக்டோபரில் நில அளவையாளர்கள் வந்தபோது வயல்வாசல் ஒவ்வொன்றிலும் சங்கிலியும் பூட்டும். உள்ளே டிராக்டரை வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்நிய வண்டி தென்பட்டால் தேவாலய மணி அடிக்கவேண்டும் என்று முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். அளவுகோல் அந்த மண்ணில் இறங்கவே இல்லை. மாநகராட்சி கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொண்டது. நூற்று இருபது ஆண்டுக்கு முன் அதே மாவட்டத்தில் கதவை உடைத்தார்கள். இம்முறை கதவைப் பூட்டினார்கள். இரண்டிலும் கேட்டது ஒன்றே: எங்கள் நிலத்தின் கதியை எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். டூம் கார்நாபுத் அடக்கமாகியிருக்கும் மனாக்லோக்-தியிலும், 1940களின் கடைசியில் ப்ரெசெலி மலையை ராணுவம் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முயன்றபோது, விவசாயிகளும் சேப்பல் போதகர்களும் ஒன்றாக நின்று அதை முறியடித்தார்கள்.

ஆக, உறவுகளே, ராணுவத்துக்கும் மாநகராட்சிக்கும் விட்டுக்கொடுக்காத இந்த ஊர்கள் இன்று எதன் முன்னால் கையறு நிலையில் நிற்கின்றன? வெளியூர்ப் பணத்தின் முன்னால். கடலோரக் கிராமங்களில் பனிக்காலத்தில் போய்ப் பாருங்கள். வரிசையாக வீடுகள் இருட்டிக் கிடக்கும். ஒவ்வொரு கதவோரமும் விருந்தினருக்கான சாவிப்பெட்டி தொங்கும். அங்கே பிறந்த பிள்ளைக்கு, பள்ளியில் உதவியாசிரியராகவோ பண்ணையில் கூலியாகவோ வேலை செய்து, அந்த விலைக்கு ஒரு வீடு வாங்க முடியாது. அவர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், பள்ளி மூடப்படுகிறது, மொழி அந்தத் தெருவைவிட்டுப் போகிறது. கார்மார்தென் மாவட்டத்தில் கம்ரேக் பேசுவோர் 2011இல் 43.9 சதவீதம், 2021இல் 39.9. இதற்கு வீட்டு விலை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் ஒரு காரணம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை 300 சதவீதம்வரை கூட்டலாம் என்று வேல்ஸ் அரசு அனுமதித்தது. குடியிருக்கும் வீட்டை விடுமுறை வீடாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதி தேவை என்ற விதியை 2024இல் க்வினெத் மாவட்டம் கொண்டுவந்தது. அவர்கள் விளையாட்டாகச் செய்யவில்லை.

உங்கள் பதில் எனக்குக் கேட்கிறது. விற்பவர் அந்த ஊர்க்காரர்தானே என்பீர்கள். உண்மை. சந்தை ஏற்றிய விலைக்கு விற்றால்தான் அவருக்கு முதுமை கழியும். உள்ளூர்ப் பிள்ளை அந்த விலை கொடுக்க முடியாது. வாங்க வரிசையில் நிற்பவர்கள் குறைந்தால் விலையும் இறங்கும். அந்த வரிசையில் நாமும் நிற்கிறோம். நாங்கள் உழைத்துச் சேர்த்த பணம் என்பீர்கள். அதையும் மறுக்கவில்லை. இரவுப் பணி பார்த்து, பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஊருக்கும் அனுப்பி மிச்சம் பிடித்த பணத்தின் அருமை எனக்குத் தெரியும். அதைப் போட்டுவைக்க இந்த நாட்டில் வேறு வழியா இல்லை? ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கில் வாங்கும்போது நாலு தமிழர் வாங்கினால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம்மை வேற்றாளாகப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஊர்கள் பல இங்கே உண்டு. தெற்கின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தலைமுறைக் கணக்கில் மருத்துவம் பார்த்த நம் பக்கத்து மருத்துவர்களைப் பற்றி அங்கே இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அந்த நல்ல பெயரை நாம் வாழ்ந்து சம்பாதித்தோம். பூட்டிவைத்த வீடுகளால் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். குடியிருப்பதற்காக அந்தக் கிராமங்களுக்குப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். வாங்குங்கள், பிள்ளைகளை அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேருங்கள், கம்ரேக் படிக்கட்டும், பக்கத்துப் பண்ணையில் பால் வாங்குங்கள். அந்த ஊர்கள் மனிதர்களுக்காக ஏங்குகின்றன. ஆனால் கெரெடிகியோன் என இன்று அழைக்கப்படும் கார்டிகன் மாவட்டத்திலும் க்வினெத்திலும் பெம்புரோக்கின் வடபாதியிலும் கார்மார்தென் கிராமங்களிலும் வருமானத்துக்காகவும் விடுமுறைக்காகவும் வீடு வாங்காதீர்கள். பார்த்து வைத்திருப்பவர்கள் விட்டுவிடுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், சாவிப்பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆண்டு முழுவதும் தங்கும் ஓர் உள்ளூர்க் குடும்பத்துக்கு அவர்களால் கொடுக்கக்கூடிய வாடகைக்கு விடுங்கள். விற்பதாக இருந்தால், விளம்பரம் போடுமுன் அந்த ஊரிலேயே யாருக்காவது வேண்டுமா என்று சேப்பலிலும் பள்ளியிலும் கடையிலும் கேளுங்கள். நம் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: முதலீட்டு ஆலோசனைக் கூட்டங்களுக்கு மேடை கொடுக்கிற நீங்கள், அடுத்த கோடைச் சுற்றுலாவை எஃபைல்வென்னுக்கும் லான்கிண்டெய்ர்னுக்கும் வையுங்கள். அந்த ஊர் மனிதர் ஒருவரை அழைத்து, நடந்ததை அவர் வாயால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடித்தபின், உங்களில் யார் யார் கைவசம் பூட்டிய வீடு இருக்கிறதோ அவர்கள் அங்கேயே அவரிடம் பேசத் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்